இடிக்கல்லும் உழைத்த கையும்

மலாய் நாட்டுச் சிற்றூர்களில் முன்னாளில் 'பத்து லிந்தார்' என்றொரு பொருளை மக்கள் போற்றி வைத்திருந்தனர். உள்ளங்கையில் அடங்கக்கூடிய சிறு கல் அது. வழவழவெனத் தேய்க்கப்பெற்று, ஒரு முனை உளிபோற் கூர்மையாக அமைந்திருக்கும். 'இடிக்கல்' என்பதே அப்பெயரின் பொருள். இடி விழுந்த இடத்தில் அக்கல் மண்ணுக்குள் புதையுண்டு கிடக்கும் என்றும், அதனை எடுத்து வைத்திருப்போர்க்கு நன்மை உண்டாகும் என்றும் அவர்கள் நம்பினர். நம் முன்னோர் நாட்டிலும் செய்தி வேறன்று. சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையூர்களில் இத்தகைய கற்களைப் பிள்ளையார் இருக்குமிடங்களில் அடுக்கி வைத்து வழிபட்டதை 19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ச்சியாளர் கண்டு எழுதினர். நாகரிகத்திற் சிறந்தோம் என்று செருக்கிய ஐரோப்பியரும் இதற்கு விலக்கல்லர். அவர்களும் நெடுங்காலம் இக்கற்களை இடியின் கற்களென்றே நம்பி, வீட்டுக் கூரையிற் செருகி வைத்தனர்.

அக்கற்கள் யாவை? அவை கோடரிகள். காடு திருத்தவும், மரம் வெட்டவும், கட்டை செதுக்கவும் பயன்பட்ட கைக்கருவிகள். இரும்பையும் செம்பையும் அறியாத காலத்தில் ஒருவன் ஆற்றங்கரையிற் குந்தியிருந்து, கல்லை உடைத்து உருவாக்கி, மணலும் நீரும் இட்டுப் பல நாள் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கிய கருவிகள். தன் பாட்டனுடைய கைக்கருவியைப் பேரன் கண்டெடுத்தான். ஆனால் அது பாட்டனுடையது என்று அவனுக்குத் தெரியவில்லை. மனிதக் கை இதனைச் செய்திருக்கும் என்று எண்ண அவன் உள்ளம் இடங்கொடுக்கவில்லை. ஆகவே வானத்தின்மேல் ஏற்றிச் சொன்னான். உழைத்த கை மறக்கப்பட்டது. உழைப்பின் விளைபொருள் மட்டும் வணங்கப்பட்டது.

அன்பர்களே, இக்கதையைப் படித்து நாம் நகைத்துவிட்டுப் போகலாம். ஆனால் சற்றே நின்று எண்ணிப் பார்ப்போமாயின் நகைப்பு அடங்கிவிடும். நாம் மட்டும் வேறு என்ன செய்துகொண்டிருக்கிறோம்? உண்ணும் சோற்றைப் போற்றுகிறோம். நெல் விளைத்தவனைப் போற்றுகின்றோமா? வழுவழுப்பான பாதையைப் புகழ்கிறோம். அதில் கல்லும் தாரும் இட்டவனை எந்த இருக்கையில் அமர்த்துகிறோம்? கையால் உழைப்பவன் தாழ்ந்தவன், உழையாதிருப்பவன் உயர்ந்தவன் என்னும் எண்ணம் நம்மிடையே எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கின்றது! அவ்வெண்ணம் இயற்கையின் ஆணையா? அன்றி மனிதர் இடையில் உண்டாக்கிக்கொண்ட வழக்கமா? இதுவே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த கேள்வி.

இக்கேள்விக்கு இருவகை விடைகள் கூறப்படுகின்றன. "மனிதன் என்று ஓரிடத்திற் குடியேறிப் பயிர் செய்யத் தொடங்கினானோ அன்றே ஏவுவோர், ஏவப்படுவோர் என்னும் பிரிவும் தோன்றிவிட்டது; உழுபவன் ஒருவன், உண்பவன் ஒருவன் என்பது உலக நியதி" என்பது ஒரு சாரார் கூற்று. "ஆதியில் எல்லோரும் சமமாகவும் அன்பாகவும் வாழ்ந்தனர், பிற்காலத்தவரே கெடுத்தனர்" என்பது மற்றொரு சாரார் கூற்று. இரண்டும் கேட்பதற்கு எளியவை. ஏடுகளை நம்பியே இவ்வழக்கைத் தீர்ப்பதாயின் முடிவு காண இயலாது. ஏனெனில் எழுத்துத் தோன்றுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே ஏர்த்தொழிலின் முன்னோடியான பயிர்த்தொழில் தோன்றிவிட்டது. நல்லூழாக நமக்கு வேறொரு சாட்சி இருக்கின்றது. அஃது ஒருவர்க்கும் அஞ்சாது; கைக்கூலி வாங்காது. மண்ணே அச்சாட்சி.

அம்மண்ணைத் தோண்டி ஆராய்வோர் மனித வரலாற்றில் கற்கருவிகளைத் தேய்த்து வழவழப்பாக்கிய காலத்தைப் 'புதிய கற்காலம்' என்று வழங்குவர். 1865-இல் ஆங்கிலேய அறிஞர் ஜான் லபக் இப்பிரிவுக்குப் பெயரிட்டார். பின்னர் கார்டன் சைல்டு என்பார், அக்காலத்தின் உண்மையான பெருமை கருவியைத் தேய்த்ததில் இல்லை, பயிர் வளர்த்ததிலும் ஆடுமாடு பழக்கியதிலுமே இருக்கின்றது என்று விளக்கி, அதனைப் 'புதிய கற்காலப் புரட்சி' என்றார். ஆனால் அப்புரட்சி ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. ஓரிடத்தில் மட்டும் நிகழ்ந்ததுமன்று. மேற்கு ஆசியாவில் ஏறக்குறைய 10,000 ஆண்டுகட்கு முன்னரே கோதுமையும் வாற்கோதுமையும் பயறுகளும் விளைவிக்கப்பட்டன. சீனத்தில் நெல்லும் தினையும், மெக்சிக்கோவில் சோளமும், நியூகினியின் மலைச் சதுப்பில் வாழையும் சேம்பும் அவ்வந்நாட்டாராலேயே பயிராக்கப்பட்டன. ஒரு குலத்தார் கண்டுபிடித்து உலகுக்குப் பிச்சையிட்டனர் என்று சொல்வதற்கு ஈண்டு இடமேயில்லை. அறிவு எந்த நிறத்தார்க்கும் எந்தப் பிறப்பினர்க்கும் தனியுரிமையன்று என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

தென்னாட்டின் பங்கும் இதிற் சிறியதன்று. பெல்லாரிப் பக்கத்தும் அதனைச் சூழ்ந்த மேட்டு நிலங்களிலும் 4,000 ஆண்டுகட்கு முன்னர் வாழ்ந்த மக்கள் கொள்ளும் பச்சைப்பயறும் சிறு தானியங்களும் விளைத்தனர் என்பது எரிந்து கரியான விதைகளால் தெளிவாகியிருக்கின்றது. அப்பகுதிகளிற் காணப்படும் பெருஞ் சாம்பல் மேடுகளைப் பற்றி முற்காலத்தார் கட்டிவிட்ட கதைகள் பல. உட்னூர் என்னுமிடத்தில் 1957-இல் தோண்டிய ஆல்சின் என்பார், அவை மாட்டுப்பட்டிகளில் குவிந்த சாணம் எரிந்த சாம்பலே என்று நாட்டினார். அம்மண்ணில் மாட்டின் குளம்படிகள்கூடப் பதிந்திருந்தன. தமிழ்நாட்டின் வடபால் பையம்பள்ளியில் 1960-களில் நடந்த அகழாய்வும் இத்தகைய உழவர் குடியிருப்பொன்றைக் காட்டிற்று. கொள்ளும் பச்சைப்பயறும் அங்கும் கிடைத்தன. இன்று ஜொகூர் பாருவின் கடையொன்றில் நாம் நிறுத்து வாங்கும் பச்சைப்பயற்றுக்குப் பின்னால் நாலாயிரம் ஆண்டு உழைப்பு இருக்கின்றது.

இனி நாம் குடியிருக்கும் நாட்டைப் பார்ப்போம். ஜொகூரின் தஞ்சோங் பூங்காக் கடற்கரையிற் பழைய கற்கருவிகள் கிடைத்துள்ளன. ஆயினும் இந்நாட்டின் ஈர மண் எலும்பையும் மரத்தையும் விரைவில் உண்டுவிடும் இயல்பினது. சுண்ணாம்புக் குகைகளே அவற்றைக் காத்து வைக்கும். அக்குகைகள் வடக்கில் மிகுதி. கிளந்தானில் நெங்கிரி ஆற்றங்கரையிலுள்ள குவா சா என்னும் குகையை 1954-இல் சீவ்கிங் என்பாரும், 1979-இல் அடி ஹாஜி தாஹா என்பாரும் ஆராய்ந்தனர். அடி மண்ணில் வேட்டுவர் விட்டுச் சென்ற உடைந்த கற்களும் பன்றி எலும்புகளும் கிடந்தன. மேல் மண்ணில் மட்பாண்டம், தேய்த்த கோடரி, கல் வளையல், சிப்பி மணி ஆகியவற்றோடு மக்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். சிலாங்கூரில் ஜெண்டராம் ஹிலிரில் ஈயம் தோண்டுகையில் முக்காலிப் பானைகளின் கால்கள் வெளிப்பட்டன. அவற்றை ஒத்த பானைகள் சயாம் நாட்டுப் பான் காவோவிலும் உண்டு. ஏறக்குறைய 4,000 ஆண்டுகட்கு முன் வடக்கிலிருந்து மக்கள் இத்தீபகற்பத்தில் வந்து பரவினர், பயிர்த்தொழிலும் அவர்களோடு வந்தது, இங்கு முன்னரே இருந்தாரோடு அவர்கள் கலந்தனர் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. வந்தவரும் இருந்தவரும் கலந்தே இந்நாடு ஆயிற்று. இச்செய்தி நமக்கு ஆறுதலும் அளிக்கும், அடக்கமும் கற்பிக்கும்.

அக்காலத்து உழவரின் ஒரு நாள் எவ்வாறு கழிந்தது? காடு வெட்டுதல், வெட்டியதைக் காயவிட்டு எரித்தல், குச்சியால் குழியிட்டு விதையிடுதல், பறவையும் விலங்கும் அண்டாது காத்தல், அறுத்தல், அடித்தல், புடைத்தல் ஆகியவை ஆண்டு முழுவதும் நீளும். இவற்றினும் கொடிய வேலை ஒன்று உண்டு. அது நாள்தோறும் நீங்காத வேலை. தானியத்தை அரைத்தலே அது. விளைந்தது வாய்க்குள் செல்லுமுன் கல்லின்மேல் கல் வைத்து மணிக்கணக்கில் அரைக்க வேண்டும்.

சிரியா நாட்டில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் அபு ஹுரைரா என்றோர் ஊர் இருந்தது. உலகின் மிகப் பழைய உழவர் ஊர்களுள் அஃதொன்று. அணை கட்டியபின் அவ்விடம் ஏரியில் மூழ்கிப்போகும் என்பதால் 1972, 1973 ஆகிய ஆண்டுகளில் விரைந்து தோண்டினர். அங்குக் கிடைத்த எலும்புகளைத் தேயா மாலிசன் என்னும் அம்மையார் ஆராய்ந்தார். பலருடைய கால் பெருவிரல் மூட்டுத் தேய்ந்து சிதைந்திருந்தது. முழங்காலிலும் இடுப்பை அடுத்த முதுகெலும்பிலும் அதே துன்பத்தின் அடையாளங்கள் இருந்தன. காரணம் யாது? விரல்களை மடக்கி ஊன்றி, மண்டியிட்டு, முன்னும் பின்னும் உடலை வீசி, அரைகல்லில் நாள்தோறும் அரைத்ததே காரணம் என்று அவர் கண்டார். அவ்வடையாளங்கள் பெரும்பாலும் பெண்களிடமே காணப்பட்டன. அரைகல்லின் பொடி மாவிற் கலந்ததால் உண்டவர் பற்களும் தேய்ந்து உடைந்திருந்தன.

மற்றோர் ஆராய்ச்சி 2017-இல் வெளிவந்தது. நடு ஐரோப்பாவில் 7,000 ஆண்டுகட்கு முன் வாழ்ந்த உழவர் பெண்களின் மேற்கையெலும்பை அளந்து, இன்றைய கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் படகோட்டப் பந்தயப் பெண்களின் எலும்போடு ஒப்பிட்டனர். பந்தயத்துக்கென்றே நாளெல்லாம் பயிற்சி செய்யும் இப்பெண்களைவிட, உடல் அளவிற்கு ஏற்ப நோக்க, அவ்வுழவர் பெண்களின் கையெலும்பு 11 முதல் 16 விழுக்காடு வலிமை மிக்கதாயிருந்தது. பரிசு வாங்கும் வீராங்கனையின் கையைவிடப் பெயரற்ற பெண்ணொருத்தியின் கை உறுதியாயிருந்தது! அவளுக்குக் கைதட்டியவர் எவரேனும் உண்டோ?

இவ்விரு செய்திகளையும் படித்தபோது நம் நினைவு சிரியாவுக்கோ ஐரோப்பாவுக்கோ செல்லவில்லை. குளுவாங்கிலுள்ள நண்பரொருவர் வீட்டுப் பின்கட்டுக்குச் சென்றது. அங்கு முருங்கை மரத்தடியில் ஓர் அம்மி கவிழ்ந்து கிடக்கும். நண்பரின் பாட்டியார் இளமையெல்லாம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, அம்மியில் அரைத்துச் சமைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, தீம்பாருக்கு நடந்து, மங்கு மங்காய்ப் பால் சேர்த்து, காண்டாவில் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்து வந்தவர். நாம் சென்றிருந்த நாளில் எழுந்து நிற்க மாட்டாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். வலியா என்று கேட்டோம். "இந்த முழங்காலைப் பாதி அம்மி தின்னுச்சு தம்பி, மீதியைப் பால்மரம் தின்னுச்சு" என்று சிரித்தார். அபு ஹுரைராவின் எலும்புகள் பேசியதும் இதே பேச்சன்றோ? பத்தாயிரம் ஆண்டு இடைவெளியில் மொழிதான் மாறியது.

அவ்வம்மையார் காலத்திலேனும் அவ்வுழைப்புக்கு நேரிய விலை கிடைத்ததா? 1920-களின் இறுதியில் இந்நாட்டுத் தோட்டக்கூலி வகுக்கப்பட்டபோது, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு என்றே பல பகுதிகளில் எழுதி வைத்தனர். வீட்டில் அரைத்ததற்கோ காசு கணக்கே இல்லை. கணக்கில் ஏறாத உழைப்பு உழைப்பே அன்று என்பது உலகத்தார் எண்ணம். ஆனால் எலும்பு ஒவ்வொரு நாளையும் கணக்கெழுதி வைத்துக்கொள்கிறது.

இப்பொழுது முதல் சாராரின் கூற்றை எடுத்துக்கொள்வோம். பயிர்த்தொழிலோடு ஆண்டான் அடிமைப் பிரிவும் உடன்பிறந்தது என்பது உண்மையா? மண்ணின் சாட்சி அதனை மறுக்கின்றது. மேற்கு ஆசியாவிற் பயிர்த்தொழில் வேரூன்றியதற்கும், அரசரும் கோட்டையும் வரிக்கணக்கரும் தோன்றியதற்கும் இடையில் ஏறக்குறைய 5,000 ஆண்டுகள் கழிந்தன. இன்றைக்கும் இராசராச சோழன் காலத்துக்கும் உள்ள இடைவெளியை ஐந்து முறை அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவு! அந்நெடுங்காலத்தில் உழுதவர் உண்டனர், உண்டவர் உழுதனர். துருக்கி நாட்டிலுள்ள சாத்தால்கூயுக் என்னும் ஊர் கி.மு. 7100 முதல் ஆயிரம் ஆண்டுகட்கு மேல் விளங்கிற்று. ஆயிரக்கணக்கானோர் நெருங்கி வாழ்ந்த அவ்வூரில் அரண்மனை என்று சுட்டத்தக்கதொரு கட்டடம் அகப்படவில்லை. வீடுகள் பெரும்பாலும் ஒத்த அளவினவே. எலும்பை ஆராய்ந்ததில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே உணவையே உண்டனர் என்று தெரிந்தது. ஆகவே, உழுபவன் பசித்திருக்க உழாதவன் உண்ண வேண்டும் என்பது உழவின் நியதியன்று. பிற்காலத்தில் மனிதர் செய்த ஏற்பாடு. மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம்.

உழைப்பவர்க்கு மதிப்பிருந்ததா என்று கேட்போர்க்கும் விடையுண்டு. சயாம் நாட்டில் முன்னாளில் கடலை அடுத்திருந்த கோக் பனோம் டி என்னுமிடத்தில் 1985-இல் சார்லஸ் ஹையம், ரச்சனி தோசரட் ஆகிய இருவரும் தோண்டினர். 150-க்கு மேற்பட்டோரின் புதைகுழிகள் அங்கு அகப்பட்டன. காலம் ஏறக்குறைய கி.மு. 2000 முதல் 1500 வரை. அவற்றுள் ஒன்று எல்லோரையும் வியப்பில் ஆழ்த்திற்று. அதில் ஒரு பெண். அவள் மேனியை மூடியிருந்த சிப்பி மணிகள் 1,20,000-க்கு மேல்! அத்துணைச் சிறப்போடு அடக்கம் செய்யப்பட்ட அவள் யார்? அரசியா? பூசாரியா? அவளுடன் வைக்கப்பட்டிருந்த பொருள்களே விடை பகர்ந்தன. பானை வனையும்போது உட்புறம் தாங்கும் கட்டியும், பானையை மெருகிடும் கற்களும் அங்கிருந்தன. அவள் பானை செய்பவள்! கையில் மண் ஒட்டாதவர்க்குச் சிறப்பு என்று நாம் பழகியிருக்கிறோம்; அவ்வூரார் மண் பிசைந்த கைக்கு மணி பூட்டினர்.

ஆனால், உண்மையை நாடுவோர் தமக்கு ஏற்ற சான்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைத்தல் தகாது. அப்பெண்ணின் குழிக்கு அருகே மற்றொரு குழி இருந்தது. அதில் ஒன்றேகால் வயதுக் குழந்தையொன்று. அதற்கும் ஆயிரமாயிரம் மணிகள். அதனருகே பானை செய்யும் கட்டியொன்று, குழந்தைக்கேற்பச் சிறியதாகச் செய்து வைத்தது. இதனை எவ்வாறு கொள்வது? மகவை இழந்த வீட்டாரின் ஆறாத அன்பென்று கொள்வோமா? வளர்ந்திருந்தால் இவளும் பானை வனைந்திருப்பாள் என்னும் ஏக்கமென்று கொள்வோமா? அன்றி, கைத்திறத்துக்குக் கிடைத்த சிறப்பு, ஒரு பானையும் வனையாத பிறப்புக்கும் செல்லத் தொடங்கிய இடம் இதுவென்று கொள்வோமா? மூன்றுக்கும் அங்கு இடமுண்டு. தீமை பெரும்பாலும் தீமையின் வடிவில் வருவதில்லை. பெற்றோர் அன்பாக வருகின்றது. முன்னோர் பெருமையாக வருகின்றது. தகுதிக்குச் செய்த சிறப்பைத் தலைமுறைக்குச் செய்யத் தொடங்கும்போது, முதல் நாளில் அது யார் கண்ணுக்கும் குற்றமாகப் படுவதில்லை. நூறு தலைமுறை சென்றபின் அதுவே மலையாகி நிற்கின்றது. பிள்ளைகள் அம்மலையைக் கடவுள் படைத்ததென்று பாடம் படிக்கின்றனர். இடிக்கல்லின் கதை மீண்டும் நிகழ்கின்றது.

இனி இரண்டாஞ் சாராரின் பொற்காலக் கதையும் மண்ணின்முன் நிற்கமாட்டாது. ஜெர்மனி நாட்டில் தால்ஹைம் என்னுமூரில் 1983-இல் ஒரு பெருங்குழி வெளிப்பட்டது. ஏறக்குறைய 7,000 ஆண்டுகட்கு முன் 34 பேரை ஒருசேரக் கொன்று அதிற் போட்டிருந்தனர். குழந்தைகளும் அவருட் பலர். மண்டையோடுகளில் இருந்த துளைகள் எதனால் உண்டானவை? காடு திருத்திய அதே கற்கோடரியால்! அயலூர் உழவரே இதனைச் செய்திருத்தல் வேண்டும். மேலும், சாத்தால்கூயுக்கில் உணவு சமமாயிருந்திருக்கலாம். ஆனால் அபு ஹுரைராவில் அரைகல் யாருக்குப் பங்கிடப்பட்டது என்பதை முன்னரே கண்டோம். அரசன் தோன்றுவதற்கு முன்னரே, வரி தோன்றுவதற்கு முன்னரே, வீட்டுக்குள் ஒரு பாரம் ஒருவர் முதுகில் மட்டும் ஏற்றப்பட்டுவிட்டது. வெளியிலுள்ள ஆண்டானை எதிர்த்து முழங்கும் நாம் இதனை நன்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். மிகப் பழைய அநீதி கோட்டையில் பிறந்ததன்று; அடுப்பங்கரையில் பிறந்தது.

ஈண்டு ஒரு தடை எழலாம். "உழைப்பே மதிப்புக்குக் காரணமென்றால், உழைக்க இயலாதவர் கதி யாது? முதியோர், நோயாளிகள், உறுப்புக் குறையுற்றோர் மதிப்பற்றவரோ?" என்று கேட்கலாம். தக்க கேள்வியே. இதற்கு விடை கூறுவதற்கு நம் நாட்டிலேயே ஒருவர் இருக்கிறார். பேராவில் லெங்கோங் பள்ளத்தாக்கிலுள்ள குவா குனோங் ருந்தோ குகையில் 1991-இல் சுரைனா மஜீது அம்மையார் குழுவினர் கண்டெடுத்த 'பேராக் மனிதன்' அவர். பயிர்த்தொழில் இந்நாட்டுக்கு வருமுன், ஏறக்குறைய 10,000 ஆண்டுகட்கு முன் வாழ்ந்தவர். பிறவியிலேயே அவருடைய இடக்கை குறையுற்றிருந்தது. வேட்டையாடிப் பிழைக்கும் காட்டு வாழ்வில் அத்தகையவர் தாமே உயிர் பிழைத்தல் அரிது. ஆயினும் அவர் நடுவயதைக் கடந்து வாழ்ந்தார். இறந்தபின் உணவும் கற்கருவிகளும் உடன் வைத்துப் பேணி அடக்கம் செய்யப்பட்டார். பிறர் கை அவருக்குக் கையாயிற்று. ஆகவே நாம் கூறுவது உழைப்பைக் கொண்டு மனிதனை நிறுத்து விலையிட வேண்டும் என்பதன்று. உழைப்பவனை அவன் உழைப்பின் காரணமாகவே இழிவு செய்தல் கூடாது என்பதும், இயலாதவனைத் தாங்குவதும் உழைப்பின் அறங்களுள் ஒன்று என்பதுமே நம் கருத்து. தாங்கத்தக்கவர் இயலாதவர், இயன்றும் உழையாது பிறர் தோளேறி இருப்பவர் அல்லர்.

நிற்க. இவ்வாராய்ச்சியால் ஜொகூரில் வாழும் நமக்கு ஆவது என்ன?

முதலாவது, வெட்கம் நீங்க வேண்டும். தோட்டத்திற் பிறந்து நகரத்தில் அலுவல் பார்க்கும் நம் இளைஞர் சிலர், தம் தாய் பால்மரம் வெட்டினார் என்று சொல்ல நாணுகின்றனர். பலர் முன்னிலையில் தந்தையின் தொழிலைக் கேட்டால் பேச்சை மாற்றுகின்றனர். வெட்கப்பட வேண்டியவர் யார்? கை காய்த்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவரா? அக்கையை மறைக்க நினைப்பவரா? இந்நாட்டின் பாதைகளும் இருப்புப்பாதையும் தோட்டங்களும் எந்தக் கைகளால் ஆயின என்பதை நம் பிள்ளைகள் அறியாவிடின், நாளை அவை வானத்திலிருந்து விழுந்தன என்றே கருதுவர்.

இரண்டாவது, நினைவைக் காக்க வேண்டும். தோட்டங்கள் பலவற்றிற் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பல இடிக்கப்பட்டன. சில தோட்டங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. பால் வெட்டும் உளியும் மங்கும் காண்டாவும் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குச் செல்கின்றன. ஈராயிரம் ஆண்டு கழித்து ஒருவன் தோண்டி எடுத்து, 'இஃது யாதோ?' என்று மயங்கும் வரையில் நாம் காத்திருக்க வேண்டுமா? ஊர்தோறும் உள்ள நம் பள்ளியில், வாசகசாலையில், ஓர் அலமாரியேனும் இவற்றுக்கு ஒதுக்கலாகாதா? கருவியை மட்டும் வைத்தல் போதாது. அதனைப் பிடித்தவர் பெயரையும் எழுதி வைத்தல் வேண்டும். பெயரில்லாத கருவி மீண்டும் இடிக்கல்லாகிவிடும்.

மூன்றாவது, வீட்டைத் திருத்த வேண்டும். அம்மி போய் மின்பொறி வந்துவிட்டது, உண்மையே. ஆனால் அதிகாலையில் எழுபவர் யார், கடைசியில் உண்பவர் யார் என்று ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் எண்ணிப் பார்க்கட்டும். கல் மாறியிருக்கலாம், மண்டியிடுபவர் மாறினாரா?

நான்காவது, நாம் பட்டதைப் பிறர் படலாகாது. இன்று செம்பனைக் குலை அறுக்கவும், கட்டடங்களிற் சாந்து குழைக்கவும் வங்காள தேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஏழைகள் வந்திருக்கின்றனர். முன்னொரு நாள் நம் பாட்டன் கப்பலேறி வந்ததுபோல் அவர்களும் கடன்பட்டு வந்தவர்கள். பேருந்தில் அவர்கள் அருகில் அமர நம்மவர் சிலர் முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறோம். அம்முகச் சுளிப்பை ஒரு நாள் நம் பாட்டன் முன் யாரோ சுளித்தனர். அதனை மறந்தவர்க்குச் சமத்துவம் கேட்கும் உரிமை ஏது?

அன்பர்களே, சென்ற காலம் நமக்குச் சாக்குப்போக்கும் தரவில்லை, பொற்கனவும் தரவில்லை. கோடரியைக் காட்டித் 'திருத்தவும் இதுவே, கொல்லவும் இதுவே. தேர்வது உன் பொறுப்பு' என்று மட்டும் சொல்லிற்று. அன்று குளுவாங்கிலிருந்து விடைபெறும்போது நண்பர் அந்த அம்மியை நிமிர்த்தி, கழுவி, திண்ணையருகே வைத்தார். "இதை எதுக்குப்பா எடுத்து வச்சே?" என்று பாட்டியார் கேட்டார். "நீங்க அரைச்சதுன்னு பிள்ளைங்களுக்குத் தெரியணும், ஆயா" என்றார் நண்பர். அம்மியின் நடுவே பல்லாண்டு அரைத்ததால் விழுந்த பள்ளத்தில் கழுவிய நீர் சிறிது தேங்கி நின்றது. நண்பரின் சிறுமகள் அதில் விரலை வைத்து, "யார் தோண்டினா?" என்று கேட்டாள். இக்கேள்வியை ஒவ்வொரு பிள்ளையும் கேட்கட்டும். அதற்கு மெய்யான விடையை ஒவ்வொரு வீடும் சொல்லட்டும்.